சேதி கசிந்த விதம்

அந்த மழைக்காலம் முழுக்க எனக்குத் தூங்கி எழுந்தாலும் அலுப்பு போகவில்லை. வீட்டில் ஒரு விஷயம் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. ஆய்வுக்கூடத்திலோ முடிவாகவே கூடாத ஒன்று தினமும் முடிவாகித் தொலைந்தது. இரண்டும் இடம் மாறியிருந்தால் நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீட்டு விஷயம் என் தங்கை. பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறாள். ஒரு காலையில் தோளில் ஒரே ஒரு பையோடு வந்து கதவைத் தட்டினாள். "கொஞ்ச நாள் இங்க இருந்துக்கிறேன்க்கா" என்றாள். நான் வழியை விட்டேன். குளித்துவிட்டு வந்து இரண்டு முட்டையை மளமளவென்று சாப்பிட்டாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

அடி உதை கிடையாது. குடி கிடையாது. இன்னொருத்தி கிடையாது. அவள் கணவருக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்வது எனக்குச் சுலபம், இருந்து பார்த்தவள் அவள். வாரக்கணக்கில் நிறுத்துவார். ஒரே மேசையில் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருப்பதே தெரியாதது போல அவளைத் தாண்டிக் கையை நீட்டி உப்பை எடுத்துக்கொள்வார். இந்த முறை நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டன.

"கடைசியா எதுக்குடி கோபம்?"

"எனக்கு ஞாபகம் இல்லக்கா. அவருக்கும் இருக்காது."

"அப்ப விட்டுத் தள்ளு. திரும்பிப் போகாதே."

"அப்படிச் சொல்ல முடியலையே. பேசுற நாள்ல அவர மாதிரி ஆள் கிடையாது. அதுவும் நிஜம், இதுவும் நிஜம். என்னைக் கொஞ்சம் சும்மா விடு, நானே யோசிச்சு ஒரு முடிவுக்கு வர்றேன்."

என்னைச் சும்மா விடு என்று ஒருத்தி சொன்னால், சும்மா விடுகிற குடும்பமா எங்களுடையது? அன்றைக்கு மதியமே அம்மா போன் செய்தாள். "என்ன சொல்றா? போறாளா, இல்லையா?" சாயந்திரம் மாமா கூப்பிட்டார், அதே கேள்வி. அம்மாவின் தம்பியான அவர் எதையும் முடித்துவைத்தே பழக்கப்பட்டவர். முடியாத விஷயம் ஒன்று குடும்பத்தில் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தங்கையின் கணவரும் கூப்பிட்டார். அவளை அல்ல, என்னை. "அவ என்ன முடிவு பண்ணியிருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு..." என்று மிகவும் மரியாதையாக ஆரம்பித்தார். அவளுக்கும் போன் என்று ஒன்று இருப்பது அவர் நினைவில் இல்லை போலும்.

எங்கள் வீட்டில் எதையுமே கேட்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். வருகிறவர்கள் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர். வீட்டுக்கு வந்ததும் கேள்விக்குறியையே கழற்றி வைத்துவிடுவார். முன்பெல்லாம் எனக்கு அதில் பெரிய குறை.

ஆய்வுக்கூடக் கதையையும் சொல்ல வேண்டும், அது இல்லாமல் இது புரியாது.

ஜன்னல் இல்லாத தரைத்தள அறை. நடுவில் ஒரு நீளமான எஃகுக் குழாய் படுத்துக்கிடக்கும். அதற்குள் காற்று இருக்கக் கூடாது. காற்றைத் துரத்துவதுதான் என் வேலை. பம்பு, வால்வு, திருகு, வளையம், கசிவு என்று என் வாழ்க்கையில் பாதி போய்விட்டது. படித்தது இயற்பியல், செய்வது குழாய் வேலை என்று அம்மா சொல்வாள். தப்பில்லை.

குழாயின் ஒரு முனையில் சின்ன அடுப்பு. அதிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாகிப் பறந்து வரும். நூற்றுக்கணக்கான அணுக்கள் ஒட்டிக்கொண்ட பெரிய மூலக்கூறுகள், எங்கள் அகராதியில் குண்டுகள். வழியில் மூன்று தடுப்புகள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய சந்துகள் வரிசையாக வெட்டிய தகடுகள் அவை. நாங்கள் சல்லடை என்போம். மறுமுனையில் குண்டுகள் எங்கே வந்து விழுகின்றன என்று பார்க்கும் கருவி.

ஒரு குண்டு இந்தச் சந்திலும் போகலாம், பக்கத்துச் சந்திலும் போகலாம். வழியில் எதுவும் அதைத் தொந்தரவு செய்யாவிட்டால் அது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அலையாக இரண்டிலும் போய், அந்தப் பக்கம் தன்னோடு தானே கலக்கும். ஒரு குண்டு விழுந்தால் ஒரு புள்ளிதான். ஏராளமான குண்டுகள் விழுந்த பிறகு பார்த்தால் புள்ளிகள் வரிவரியாகச் சேர்ந்திருக்கும். வரிகள் தெரிந்தால் உள்ளே குவாண்டம் விதி நடக்கிறது. வரி இல்லாமல் ஒரே மொத்தையாக, கொட்டிய மணல் மாதிரி படிந்தால், அது நீங்களும் நானும் புழங்குகிற சாதாரண உலகம்.

வரியை அழிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மிச்சமிருக்கும் காற்றில் ஒரே ஒரு துணுக்கு வந்து குண்டின் மேல் மோதினால் போதும். குண்டு அசைந்துகூடக் கொடுக்காது. ஆனால் மோதிய துணுக்கு எந்தப் பக்கம் தெறிக்கிறது என்பது குண்டு எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தது. ஆக, அந்தத் துணுக்கு ஒரு சேதியை வாங்கிக்கொண்டு போகிறது. அந்தச் சேதியை ஒரு மனிதரும் படிக்க வேண்டியதில்லை. வெளியே போய்விட்டால் போதும், இரண்டு வழிகளுக்கும் இடையில் இருந்த ஒட்டுறவு போய்விடும். புத்தகத்தில் இதற்கு ஒத்திசைவுக் குலைவு என்று பெயர். எங்கள் அறையில் 'சேதி கசிஞ்சிருச்சு' என்போம்.

பார்வையிட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "மனுஷன் பாத்தா அது மாறிடுமாமே?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷனுக்கு அங்கே அவ்வளவு மவுசு கிடையாது. தூசி போதும், வெளிச்சம் போதும், அறையின் சூடு போதும். நாற்காலி ஏன் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது? காற்றும் வெளிச்சமும் நொடிக்கு நொடி அதன் மேல் பட்டு, இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் இருக்கிறது என்ற ஒரே சேதியைக் கோடி பிரதியாக எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. எந்தப் பிரதியைப் பார்த்தாலும் அதே பதில். அத்தனை சாட்சி சேர்ந்த பிறகு நாற்காலி வேறு எங்கே போகும்?

போன வருடம் எங்களுக்கு வரிகள் சீப்புப் பல் மாதிரி துல்லியமாக வந்தன. இந்த மழைக்காலத்தில் மங்க ஆரம்பித்தன. மங்கிக்கொண்டே போயின.

"உள்ள காத்து இருக்கு" என்றார் மேடம். அவர்தான் எங்கள் குழுவின் தலைவி. குரலை உயர்த்தவே மாட்டார். அதனால் அவர் சொல்வது நேராக அடிவயிற்றில் இறங்கும். "எங்கயோ கசியுது. கண்டுபிடிங்க."

கசிவு என்றால் என் தலைதான் உருளும். ஒவ்வொரு மூட்டாக ஹீலியம் வாயுவைப் பீய்ச்சி, அது உள்ளே நுழைகிறதா என்று சோதித்தேன். ஒன்றும் இல்லை. மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்களை மாற்றினேன். பம்புகளை இறக்கி ஏற்றினேன். வரி தேறவில்லை. கடைசியில், காற்று இருக்கிறதா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியட்டும் என்று, புது அழுத்தமானி ஒன்றை வரவழைத்துக் குண்டுகள் போகும் வழியை ஒட்டியே பொருத்தினேன். நல்ல சாமான். அதற்குள் ஒரு மெல்லிய கம்பி, பல்புக்குள் எரிவது மாதிரி பழுத்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் மிச்சக் காற்றை அளந்து சொல்லும். அது சொன்னது: காற்று இல்லை, சுத்தம். வரிகளோ முன்னைவிட மோசம்.

எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் அழுதேன். பிறகு மானியின் உணர்திறனைக் கூட்டி, கம்பிக்கு இன்னும் மின்சாரம் கொடுத்து, ஓயாமல் ஓட விட்டேன். எங்கள் தொழிலில் மனசு சரியில்லை என்றால் எதையாவது இன்னும் நுட்பமாக அளப்போம்.

வீட்டிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். சாயந்திரம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவேன். அவர் கூப்பிட்டாரா? நீ கூப்பிட்டியா? எதாவது யோசிச்சியா? முகம் ஏன் வாடியிருக்கு? முகம் ஏன் தெளிவா இருக்கு? அவள் உம் என்பாள், இல்லை என்பாள், துணி மடிக்கப் போய்விடுவாள். நான் மடித்த துணியை எடுத்து வைக்கிற சாக்கில் பின்னாலேயே போவேன். அக்கறைதான். சத்தியமாக அக்கறைதான். அது இல்லாவிட்டால் நான் ஏன் அலுத்துப்போய் வந்த பிறகும் நின்றுகொண்டு கேட்கப்போகிறேன்?

ஒருநாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் நுரை. நான் பக்கத்தில் நின்று என் வழக்கமான வரிசையைத் தொடங்கினேன். அவள் குழாயை மூடாமலேயே, "சரிக்கா, போயிடுறேன். போதுமா?" என்றாள்.

அது பதில் இல்லை. ஈ விரட்டுகிற கை அது. எனக்கு அது தெரியும், அவள் முகத்தைப் பார்த்தே தெரியும். ஆனால் அன்றைக்கு அம்மா போன் செய்தபோது, தினமும் 'ஒண்ணும் சொல்லலம்மா' என்று சொல்லிச் சொல்லி வாய் கசந்திருந்த எனக்கு, சொல்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது.

"போறேன்னு சொல்றா" என்றேன்.

அம்மா பெருமூச்சு விட்டாள். அவளுக்கு அன்று இரவு நல்ல தூக்கம் வரும் என்று எனக்குத் தோன்றியது, அதில் எனக்கு ஒரு திருப்திகூட.

அதன் பிறகு எல்லாம் தானாக நடந்தது. அம்மா மாமாவிடம் சொன்னாள். மாமா தங்கையின் கணவரிடம் சொன்னார். அவர், என் தங்கை லீவு சொல்லிவிட்டு வந்திருந்த மருத்துவமனையில் சொன்னார். அங்கிருந்து அவளுக்கே போன் வந்தது, என்றைக்குத் திரும்ப வேலைக்கு வருகிறாய் என்று. கீழ் வீட்டு ஆசிரியை மாடிப்படியில் அவளை மடக்கி, "கிளம்புறீங்களாமே, சந்தோஷம்" என்றாள். அந்த ஆசிரியைக்கு யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இல்லை. என் வீட்டுக்காரர் நிச்சயமாக இல்லை.

இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மானியின் கம்பி ஒரு காலையில் எரிந்துபோனது. திரையில் எண் இருந்த இடத்தில் வெறும் கோடு. அதை மாற்ற வேண்டுமென்றால் குழாயைத் திறக்க வேண்டும். திறந்தால் காற்று புகும். திரும்பக் காற்றை வெளியேற்ற நாள்கணக்கில் ஆகும். மேடத்திடம் போய்ச் சொல்லி, புதுக் கம்பி எடுத்து, திருகு திருகாகக் கழற்றி... நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்களோடு வேலை செய்கிற இன்னொருவன் அப்போது உள்ளே வந்தான். எதைச் சொன்னாலும் 'அப்படியா சொல்றீங்க?' என்று கேட்பதால் அவனுக்குச் சந்தேகம் என்றே பெயர் வைத்திருந்தோம். சம்பளம் சரியாக வந்தாலும் சந்தேகப்படுவான்.

"என்னக்கா, மானி செத்துருச்சா?"

"ஆமா."

"அப்ப ஓட்டத்தை நிறுத்தலையா?"

"நிறுத்தணும். டீ குடிச்சிட்டு நிறுத்துறேன்."

"உள்ள காத்து எவ்வளவு இருக்குன்னே தெரியாம ஓடிட்டு இருக்கே?"

"தெரியாமத்தான் ஓடுது. ஓடட்டும். எனக்கு எந்திரிக்க முடியல."

டீ குடித்தோம். இன்னொன்றும் குடித்தோம். அவன் தன் வீட்டு மாடியில் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னான். மழைதான் காரணமா என்று அவனுக்குச் சந்தேகம். நான் எழுந்து ஓட்டத்தை நிறுத்தப் போனபோது, கருவியின் திரையில் வரிகள் தெரிந்தன.

லேசாக அல்ல. போன வருடத்து வரிகளைவிடத் துல்லியமாக. நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். சந்தேகம் என் தோளுக்குப் பின்னால் நின்று முதல் முறையாக ஒன்றையும் கேட்காமல் இருந்தான்.

மேடம் வந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். மூவரும் சேர்ந்து யோசித்தபோது விஷயம் விளங்கியது. ஆரம்பத்தில் வரிகள் மங்கியது உண்மையிலேயே ஹீலியத்துக்குச் சிக்காமல் கசிந்த ஒரு பழைய வளையத்தால். அதை நான் முதல் வாரமே மாற்றிவிட்டேன். திறந்தபோது புகுந்த காற்று முழுக்க வெளியேறியதும் வரி தானாகத் தேறியிருக்கும். அதற்குள் நாங்கள் புது மானியைப் பக்கத்தில் வைத்துவிட்டோம். அதன் பழுத்த கம்பியிலிருந்து வெளிச்சமும் சூடும் குண்டுகளின் மேல் பட்டுக்கொண்டே இருந்தன. சூடான குண்டு தன்பாட்டுக்கு ஒளித்துணுக்கை உமிழும். ஒவ்வொரு துணுக்கும் குண்டு எங்கே இருக்கிறது என்ற சேதியோடு வெளியே போகும். சரியாக இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த சாமானே வரியைத் தின்றுகொண்டிருந்தது. உணர்திறனைக் கூட்டக் கூட்ட அதன் பசியும் கூடியிருக்கிறது.

"அப்ப இத்தனை நாள் எடுத்த தரவு?" என்றார் மேடம்.

"அது போனதுதான் மேடம். அந்தக் குண்டெல்லாம் ஏதோ ஒரு சந்து வழியாப் போயாச்சு. திரும்ப எடுத்து வச்சு வரி வரைய முடியாது. புதுசா வர்றது மட்டும்தான் நல்லா வரும்."

"இனிமே காத்து இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"

"ஓடும்போது பாக்க முடியாது. நம்பித்தான் விடணும்."

மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வரி இருந்தது. மேடம் என் தோளைத் தட்டிவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்ததும் தூக்கத்துக்குப் பதிலாகத் தங்கையின் நுரைக்கை ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மனுஷி மூலக்கூறு இல்லை, அது எனக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் என் பழுத்த கம்பியை இத்தனை நாளும் அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தேன் என்ற எண்ணம் இறங்கும் நிறுத்தம் வரை விடவில்லை. இன்றைக்கு எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவது.

வீட்டுக்குப் போனபோது அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, இன்னிக்கு ஒண்ணும் கேக்கல?"

"கேக்கல."

"அதுவும் சரிதான். கேக்க என்ன இருக்கு. நாளைக்குக் காலையில அவரும் மாமாவும் வர்றாங்க, என்னைக் கூட்டிட்டுப் போக."

"யார் சொன்னது?"

"யார்தான் சொல்லல?" அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அம்மா சொன்னாங்க. மாமா சொன்னார். ஆஸ்பத்திரியில என் டியூட்டிகூடப் போட்டுட்டாங்களாம். கீழ் வீட்டம்மா என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. எப்பக்கா நான் முடிவு பண்ணேன்? மதியம் முழுக்க உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். ஞாபகமே வரல. ஆனா எல்லாரும் அச்சு மாறாம ஒரே மாதிரி சொல்றாங்க. அத்தனை பேர் சொன்னா நான்தான் எங்கயோ சொல்லியிருக்கணும்."

"என்கிட்ட சொன்னே. பாத்திரம் கழுவும்போது. நான் அதை அம்மாகிட்ட சொன்னேன்."

"ம். தெரியும்."

"என்னைத் திட்டுடி."

"திட்டலாம்னுதான் பாத்தேன். தெம்பு இல்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ ஒரு பக்கமா இழுக்காதக்கா. இழுக்குறதுக்கு ஏற்கெனவே ஆள் நிறைய."

"அப்ப எல்லார்கிட்டயும் போன் பண்ணிச் சொல்லிடலாமா, அப்படி இல்லைன்னு?"

"எத்தனை பேர்கிட்ட சொல்லுவே? ஒருத்தர்கிட்ட சொன்னா அவங்க அடுத்தவங்களக் கேப்பாங்க. அடுத்தவங்க, இல்லையே, போறான்னு தானே சொன்னாங்கன்னு சொல்லுவாங்க." அவள் மடித்த துணியைத் திரும்பவும் மடித்தாள். "அசந்து போச்சுக்கா. போயிடறது இதைவிடச் சுலபம்."

எனக்கு அழ வேண்டும் போலிருந்தது, இந்த முறை பார்ப்பதற்கு ஆள் இருந்ததால் அழவில்லை. என் வீட்டுக்காரர் கதவருகே வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். சாப்பாட்டை இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்து கட்டில் மேலேயே வைத்துவிட்டுப் போனார். இருவரும் பேசாமல் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அழைப்பு மணி அடித்தபோது அவள் தலைவாரி, பையைத் தோளில் மாட்டி, கூடத்தில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். மாமா சத்தமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதுவே போதும்" என்று நாற்காலியில் சாய்ந்தார். தங்கையின் கணவர் பின்னால் வந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். ஆள் இளைத்திருந்தார், கண்ணுக்குக் கீழே கருப்பு. இவரும் தூங்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் வடிந்தது.

என்னிடம் நலம் விசாரித்தார். என் வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். மாமாவிடம், வண்டியை வேறு இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்றார். தங்கை அவருக்குக் கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், அதை நான் கவனித்தேன். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிளம்பலாமான்னு கேட்டுச் சொல்லுங்க அக்கா."

தங்கை சிரித்தாள். சத்தமே வராத, மூச்சு மட்டும் வெளியே வந்த சிரிப்பு. தோளிலிருந்து பையை இறக்கி மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அக்கா, நான் இன்னும் ஒரு முடிவுக்கும் வரலன்னு அவர்கிட்ட சொல்லிடு."

மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னம்மா இது! நீ வர்றேன்னு எல்லாரும் சொன்னாங்களே!"

"அவங்கதான் சொன்னாங்க மாமா."

அவள் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தாகிவிட்டது. ஆனாலும் தங்கையின் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துச் சொல்வதற்காகக் காத்திருந்தார். மாமாவும் என்னைப் பார்த்தார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. 'அவ என்ன சொல்றான்னா' என்று தொடங்கி அழகாக, பக்குவமாக, யாருக்கும் நோகாமல் எடுத்துச் சொல்ல எனக்கு வரும். காலம் முழுக்க அதைத்தானே செய்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார். கழுத்தை மட்டும் திருப்பப் பார்த்து, முடியாமல், முழு உடம்பையும் அவள் பக்கம் திருப்பினார்.

"என்ன... என்ன சொன்ன?" என்றார். அவளிடம்.

தங்கை பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "உக்காருங்க" என்றாள். "சொல்றேன்."

நான் மாமாவின் கையைப் பிடித்துக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே சமையலறைக்குள் போனேன். என் வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தார். கதவைச் சாத்தினேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தத்தைப் பெரிதாக்கினேன்.

மாமா கதவில் காதை வைக்கப் போனார். அவர் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன்.

"என்ன பேசிக்கிறாங்க?" என்றார்.

"தெரியாது மாமா" என்றேன்.